எழுத்தாளருக்கு மேடை, எடிட்டருக்குப் பெயர்

கேள்வி இதுதான்: “அமெரிக்காவில் ஒரு குழந்தைப் புத்தக எடிட்டர் பெயரில் வருஷா வருஷம் சொற்பொழிவு நடப்பதாகப் படித்தேன். எழுத்தாளர் பெயரில் என்றால் புரிகிறது. எடிட்டர் பெயரில் எதற்கு? அவர் அப்படி என்ன செய்தார்? எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில், பல வருஷமாகச் சிறுவர் கதைகளைத் திருத்திக் கொடுத்துவரும் ஒரு ஐயா இருக்கிறார். எண்பது வயது. அவர் பெயரில் இப்படி ஒன்றைத் தொடங்க ஆசைப்படுகிறோம். எப்படிச் செய்யலாம்?”

நீங்கள் படித்தது சார்லட் ஜோலோட்டோ சொற்பொழிவைப் பற்றியதாகத்தான் இருக்கும். நானும் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் குழந்தைப் புத்தகங்களுக்கு எடிட்டிங் செய்கிறவன். மனதுக்கு நெருக்கமான கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகர் மேடிசன். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பள்ளியில், கூட்டுறவுக் குழந்தைப் புத்தக மையம் என்ற நூலகம் 1963லிருந்து இயங்குகிறது. அந்தந்த வருஷம் வெளியாகும் சிறுவர் புத்தகங்களை அங்கே சேர்த்து வைக்கிறார்கள். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஆசிரியர்களும் நூலகர்களும் அங்கேயே உட்கார்ந்து படித்துப் பார்த்து, தங்கள் பள்ளிக்கு எது வேண்டும், நூலகத்துக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யலாம். வெறுமனே அடுக்கி வைத்துப் பூட்டுகிற இடமில்லை. 1985ல் இந்த மையத்தார் எண்ணிப் பார்த்தபோது, அந்த வருஷம் அமெரிக்காவில் வெளியான ஏறக்குறைய 2,500 சிறுவர் புத்தகங்களில் கறுப்பின எழுத்தாளர்களும் ஓவியர்களும் உருவாக்கியவை 18தான் என்று தெரிந்தது. அப்போது தொடங்கிய கணக்கெடுப்பு இன்று அமெரிக்கப் பதிப்பகங்கள் தட்டிக்கழிக்க முடியாத ஒன்றாகிவிட்டது. புத்தகங்களை இவ்வளவு அக்கறையோடு பார்க்கிற ஓர் இடம்தான், 1998ல், ஜோலோட்டோ பெயரில் ஒரு சொற்பொழிவையும் ஒரு விருதையும் ஏற்படுத்தியது. குழந்தை இலக்கியத்தில் பெயர்பெற்ற ஓர் எழுத்தாளரையோ ஓவியரையோ அழைத்துப் பேச வைப்பார்கள். கட்டணம் கிடையாது, பொதுமக்கள் யாரும் வந்து கேட்கலாம்.

ஏன் மேடிசன்? ஜோலோட்டோ வேலை பார்த்ததெல்லாம் நியூயார்க்கில். பிறந்தது 1915ல், வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கில். ஆனால் 1933லிருந்து 1936 வரை எழுத்துக்கான உதவித்தொகை பெற்றுப் படித்தது இந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஹெலன் ஒயிட், பேராசிரியர், நாவலாசிரியரும்கூட. பிற்பாடு பல்கலைக்கழகம் ஒரு பெரிய கட்டடத்துக்கு ஹெலன் ஒயிட்டின் பெயரை வைத்தது. சொற்பொழிவு தொடங்கிய காலத்தில் நான் சொன்ன குழந்தைப் புத்தக மையம் இருந்தது அந்தக் கட்டடத்தில்தான். ஆசிரியையின் பெயர் தாங்கிய கட்டடத்துக்குள் மாணவியின் பெயரில் ஒரு சொற்பொழிவு. இது எனக்குத் தெரியவந்த அன்று முழுக்க ஏனோ மனசு நிறைந்திருந்தது.

சரி, அவர் என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன்.

1930களின் கடைசியில் நியூயார்க்கின் ஹார்ப்பர் பதிப்பகத்தில் அவர் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அவருடைய மேலதிகாரியாக அமைந்தவர் உர்சுலா நார்ட்ஸ்ட்ரம். 1940லிருந்து 1973 வரை ஹார்ப்பரின் சிறுவர் புத்தகப் பிரிவை நடத்தியவர். அமெரிக்கக் குழந்தைகள் இன்றைக்கும் படிக்கும் புத்தகங்களில் எத்தனையோ அவர் மேஜையைத் தாண்டி வந்தவை. ஜோலோட்டோ ஒரு நாள் அவருக்கு ஒரு குறிப்பு எழுதினார். நகரத்துப் பூங்கா ஒன்றில் விடியற்காலையிலிருந்து இரவு வரை என்னென்ன நடக்கிறது என்பதை ஒரு படப் புத்தகமாகச் செய்யலாம், இன்னார் எழுதினால் நன்றாக இருக்கும் என்று வேறொரு எழுத்தாளரின் பெயரைச் சொல்லியிருந்தார். நார்ட்ஸ்ட்ரம் அதைப் படித்துவிட்டு, மனதில் இருப்பதை இன்னும் விரிவாக எழுதிக் கொடுங்கள் என்றார். விரிவாக எழுதியதுதான் புத்தகம் ஆனது. 1944ல் எச். ஏ. ரேயின் படங்களோடு வெளிவந்த அந்தப் பூங்காப் புத்தகம் ஜோலோட்டோவின் முதல் நூல்.

இந்தச் சம்பவத்தில் நார்ட்ஸ்ட்ரம் ஒரு வாக்கியத்தைக்கூடத் திருத்தவில்லை. எதிரில் இருப்பவர், தன்னிடம் இருக்கும் கதையைத் தன்னுடையது என்று தெரியாமலே அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறார் என்பதை மட்டும் கண்டுகொண்டார். எடிட்டிங் என்றால் சிவப்பு மசியும் சந்திப்பிழையும் என்று நினைக்கிறவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

குழந்தைகள் பிறந்தபின் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்த ஜோலோட்டோ, 1962ல் மூத்த எடிட்டராக ஹார்ப்பருக்குத் திரும்பினார். நார்ட்ஸ்ட்ரமிடம் கற்றதை இப்போது அவர் மற்றவர்களுக்குச் செய்யத் தொடங்கினார். ஒரு நாள் தொலைக்காட்சியில் ஒரு நாடகம் பார்க்கிறார். எழுதியவர் பால் ஜிண்டல். ஸ்டேட்டன் தீவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். சிறுவர்களுக்காக ஒரு வரி எழுதியவரில்லை. அந்த நாடகத்தில் வரும் பதின்வயதுப் பெண்களைப் பார்த்துவிட்டு, இவருக்குள் இளையோருக்கான ஒரு நாவல் இருக்கிறது என்று ஜோலோட்டோவுக்குத் தோன்றியிருக்கிறது. தொடர்புகொண்டு கேட்டார். 1968ல் ஜிண்டலின் முதல் நாவல் வந்தது. அமெரிக்காவில் இளையோர் நாவல் என்ற வகையே தன் காலில் நிற்கத் தொடங்கிய காலத்தின் முக்கியமான புத்தகங்களில் அது ஒன்று. அந்த நாடகத்துக்கு 1971ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆனால் ஜோலோட்டோ பரிசு வந்தபிறகு தேடிப் போனவரில்லை.

இன்னொன்று. லூயிஸ் ஃபிட்ஸ்ஹ்யூ என்பவர் சில பக்கங்கள் மட்டும் எழுதி ஹார்ப்பருக்குக் கொடுத்திருந்தார். ஒரு சிறுமி தன்னைச் சுற்றியிருப்பவர்களைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் குறிப்புகள். கதை என்று சொல்ல எதுவும் இல்லை. அதைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலை ஜோலோட்டோவிடம் வந்தது. இது இன்னும் புத்தகமாகவில்லை, ஆனால் ஆக முடியும், இவரை நேரில் வரச் சொல்லிப் பேச வேண்டும் என்ற பொருளில் நார்ட்ஸ்ட்ரமுக்கு எழுதிக் கொடுத்தார். பேசினார்கள். 1964ல் வெளிவந்த அந்தப் புத்தகம்தான் ஹாரியட் என்ற துப்பறியும் சிறுமியின் கதை. பெரியவர்களைப் பற்றி ஒரு சிறுமி நினைப்பதை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எழுதலாமா என்று அன்றைக்குச் சண்டை நடந்தது. இன்றைக்கும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு நோட்டும் பேனாவுமாகத் திரிகிறார்கள். ‘புத்தகமாகவில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவது எந்தப் பதிப்பகத்திலும் மிகச் சுலபம். ‘ஆக முடியும்’ என்று சேர்த்து எழுதியது ஒரு வாசகர் அறிக்கையின் இரண்டு சொல். அந்தப் புத்தகத்தின் அட்டையில் ஜோலோட்டோவின் பெயர் எங்கும் இல்லை.

1976ல் ஹார்ப்பரின் துணைத் தலைவரானார். எண்பதுகளில் அவர் தேர்ந்தெடுத்த புத்தகங்கள் அவர் பெயரைத் தாங்கிய தனி வரிசையாகவே வந்தன. பட்ரீசியா மெக்லாக்லனின் ‘சாரா’ குறுநாவல் அந்த வரிசையில் 1985ல் வந்தது. 60 பக்கம்கூடக் கிடையாது. அடுத்த வருஷம், அமெரிக்காவில் சிறந்த சிறுவர் நூலின் எழுத்தாளருக்குத் தரும் நியூபெரி பதக்கம் பெற்றது. 1991ல் ஓய்வு பெறும்வரை இப்படியே ஒவ்வொருவராகக் கண்டெடுத்துக்கொண்டிருந்தார்.

ஜோலோட்டோ எழுத்தாளரும்கூட என்று சொன்னேன். மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர். அவர் எழுதியதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், அவருடைய எடிட்டர் கண் எப்படிப்பட்டது என்று அதிலிருந்தே தெரியும். 1963ல் ஆர்னால்ட் லோபெலின் படங்களோடு வந்த சண்டைப் புத்தகம். ஒரு மழை நாள் காலை. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவுக்கு முத்தம் கொடுக்க மறந்துவிடுகிறார். அம்மாவுக்கு முகம் வாடுகிறது; அந்தக் கோபம் மகன் மேல் திரும்புகிறது. மகன் அக்கா மேல் காட்டுகிறான். அவள் தன் தோழி மேல், தோழி தன் தம்பி மேல். கடைசியில் அந்தத் தம்பி நாயைத் தள்ளிவிடுகிறான். நாய்க்கு அது கோபம் என்றே தெரியவில்லை! விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அவன் மேலேறி நக்குகிறது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் அந்தச் சிரிப்பு வந்த வழியே ஒவ்வொருவராகத் திரும்பிப் போகிறது.

இந்தக் கதையில் யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. கோபப்படாதே என்று ஒரு தாத்தா வந்து நிற்கவில்லை. கதை திரும்புகிற இடத்தில் ஒரு நாயை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். வேறு யாரை அங்கே வைத்திருந்தாலும் அந்த ஆள் தள்ளப்பட்டதைப் புரிந்துகொண்டிருப்பான், சங்கிலி இன்னும் நீண்டிருக்கும். நாற்பது வயதுக்காரருக்கு வருகிற அதே கோபமும் அதே ஏக்கமும்தான் நாலு வயதுக் குழந்தைக்கும் வருகிறது, பெரியவர்கள் அதிலிருந்து தப்பிக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள், குழந்தைக்கு அந்த வழி இன்னும் தெரியாது என்பது ஜோலோட்டோ விடாமல் சொல்லிவந்த கருத்து. தான் எழுதியதிலும் மற்றவர்களை எழுத வைத்ததிலும் இதைத்தான் அளவுகோலாக வைத்திருந்தார்.

1972ல் வந்த அவருடைய ‘வில்லியமின் பொம்மை’யும் அப்படித்தான். ஒரு சிறுவன் பொம்மைக் குழந்தை வேண்டும் என்கிறான். அண்ணனும் பக்கத்து வீட்டுப் பையனும் கேலி செய்கிறார்கள். அப்பா கூடைப்பந்து வாங்கித் தருகிறார், ரயில் வாங்கித் தருகிறார். பையன் இரண்டையும் நன்றாகவே விளையாடுகிறான், ஆனாலும் பொம்மை வேண்டும் என்கிறான். பாட்டிதான் வாங்கித் தருகிறார். நாளைக்கு இவன் அப்பாவாகும்போது தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டாமா என்று அப்பாவிடம் சொல்கிறார். அன்றைக்கு அமெரிக்காவில் இது லேசான விஷயமில்லை.

இப்போது உங்கள் ‘எடிட்டர் பெயரில் எதற்கு’ என்ற கேள்விக்கு என் மேஜையிலிருந்தே ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். சில வருஷம் முன்பு ஒரு கிராமத்து ஆசிரியர் ஒரு கதை அனுப்பியிருந்தார். ஒரு பையன் வளர்த்த ஆட்டைச் சந்தையில் விற்றுவிடுகிறார்கள். கடைசிப் பத்தியில் தாத்தா எல்லா உயிரிடத்திலும் அன்பு வேண்டும் என்று விளக்குகிறார். நான் அந்தப் பத்தியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: “மறுநாள் காலையில் அவன் என்ன செய்தான்?” இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. தாத்தாவின் பத்தியை எடுத்துவிட்டு இரண்டு வரி எழுதியிருந்தார். பையன் பழக்க தோஷத்தில் கிணற்றடிக்குப் போய் ஒரு கை அகத்திக்கீரை ஒடித்துக்கொண்டு வருகிறான். கொட்டடியில் முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடக்கிறது.

அந்த இரண்டு வரியும் முழுக்க அவருடையவை. அகத்தி எனக்குத் தோன்றியிருக்காது. ஆனால் அந்தக் கேள்வி எழுதப்பட்டது என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் முறையும்கூட. புத்தகம் வாசிக்கிற குழந்தைக்கு எடிட்டர் என்று ஒருவர் இருப்பதே தெரியக் கூடாது.

நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். இன்னொரு கதையில் ஒரு பாட்டியின் பேச்சு ஒரே மாதிரி ஓடாமல் தொட்டுத் தொட்டுப் போனது. நான் அதைச் சீராக்கினேன். மெய்ப்பு அவசரத்தில் அச்சுக்கும் போய்விட்டது. எழுதிய அம்மா புத்தகத்தைக் கையில் வாங்கி அங்கேயே படித்துவிட்டு, “நல்லா இருக்குங்க. ஆனா எங்க பாட்டி இப்படிப் பேச மாட்டாங்க” என்றார். அதற்கப்புறம் யாருடைய வாயையும் நான் நேராக்கப் போனதில்லை. எதைத் தொடுவது என்பதைவிட எதைத் தொடாமல் விடுவது என்று தெரிவதற்குத்தான் அதிக வருஷம் ஆகிறது. உங்கள் ஐயா இத்தனை வருஷமாகச் செய்திருப்பதில் பெரும்பகுதி இப்படித் தொடாமல் விட்டதாகத்தான் இருக்கும். அதற்குச் சாட்சி எங்கும் கிடையாது.

மேடிசனில் சொற்பொழிவோடு சேர்ந்து தொடங்கிய விருதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அமெரிக்காவில் படப் புத்தகம் என்றால் எல்லோருக்கும் தெரிந்த விருது கால்டிகாட் பதக்கம். 1938லிருந்து தருகிறார்கள். அது ஓவியருக்குரியது. ஜோலோட்டோ எழுதிய புத்தகங்களில் இரண்டு, பதக்கத்துக்கு அடுத்த நிலையான கால்டிகாட் கௌரவம் பெற்றன. 1953ல் புயலைப் பற்றிய புத்தகம், 1963ல் ஒரு சிறுமியும் முயலும் சேர்ந்து அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசு தேடும் புத்தகம். கௌரவம் போனது முதலாவதில் மார்கரெட் பிளாய் கிரகாமுக்கு, இரண்டாவதில் மாரிஸ் செண்டாக்குக்கு. தகுதியானவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சொற்களுக்கு? சிறுமியும் முயலும் புத்தகம் ஏறக்குறைய முழுக்கப் பேச்சிலேயே நகர்கிறது. அம்மாவுக்குச் சிவப்பு பிடிக்கும் என்கிறாள் சிறுமி. சிவப்பை எப்படிப் பரிசாகக் கொடுப்பாய் என்று முயல் யோசிக்கிறது. ஒவ்வொரு நிறமாக எடுத்து, ஒவ்வொரு பொருளாகச் சொல்லித் தள்ளி, கடைசியில் ஆப்பிள், வாழைப்பழம், பேரிக்காய், நீலத் திராட்சை என்று கூடை நிரம்புகிறது. அந்த முன்னும் பின்னுமான பேச்சின் தாளம் எழுதியவருடையது.

ஆகவே ஜோலோட்டோ விருதை, படப் புத்தகத்தின் எழுத்துக்கு மட்டும் என்று வைத்தார்கள். முந்தைய வருஷம் அமெரிக்காவில் வெளியான, பிறந்த குழந்தையிலிருந்து ஏழு வயது வரைக்குமான புத்தகங்களில் எதன் வாசகம் சிறந்தது என்று பார்ப்பார்கள். 1998ல் முதல் விருது வேரா வில்லியம்ஸுக்குப் போனது. 2005ல் கெவின் ஹெங்க்ஸ் எழுதி வரைந்த பூனைக்குட்டிப் புத்தகத்துக்கு. அதே புத்தகம் படங்களுக்காக அந்த வருஷக் கால்டிகாட்டையும் வாங்கியது. பூனைக்குட்டி முதல் முறையாக முழு நிலாவைப் பார்த்து வானத்தில் ஒரு கிண்ணம் பால் என்று நினைக்கிறது. நாக்கை நீட்டினால் வாயில் பூச்சி விழுகிறது. தாவினால் படிக்கட்டில் உருள்கிறது. குளத்தில் இன்னும் பெரிய கிண்ணம் தெரிய, குதித்து நனைகிறது. ஒவ்வொரு முறையும் ‘பாவம் பூனைக்குட்டி’ என்று ஒரே வரி வந்து நிற்கும். படுக்கையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுகிறவர்களுக்குத் தெரியும், மூன்றாவது தடவை அந்த வரியைக் குழந்தையே சொல்லிவிடும். அந்த இடத்தில் அந்த வரி வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் எழுத்து. 32 பக்கத்துக்குள், இரண்டே ஃபாரத்தில் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கம் ஒரு ஃபாரம்), எந்தச் சொல் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் வரவேண்டும், எது புரட்டியபின் வரவேண்டும் என்ற கணக்கு. நான் இன்றைக்கும் தாளை மடித்து டம்மி செய்து, கையால் புரட்டிப் படித்துப் பார்க்காமல் எந்தப் படப் புத்தகத்தையும் லேஅவுட்டுக்கு அனுப்புவதில்லை.

சொற்பொழிவுக்கு வருகிறேன். அதன் வடிவத்திலேயே ஒரு பொருத்தம் இருக்கிறது. பெயர் ஜோலோட்டோவுடையது, மேடை வேறொருவருடையது. வருகிற எழுத்தாளர் தன் புத்தகங்களைப் பற்றி, தான் எழுதுகிற விதத்தைப் பற்றிப் பேச வருகிறார். ஜோலோட்டோ தன் வாழ்நாள் முழுக்கச் செய்ததும் இதேதான், மற்றவர்களை அழைத்து உன்னிடம் இருப்பதைச் சொல் என்று உட்கார வைத்தது. ஒரு எடிட்டருக்குச் சிலை வைத்தால் ஒட்டாது. பிறர் பேசுவதற்கு ஒரு நாற்காலி போட்டால் ஒட்டுகிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். 1998ல் ஜோலோட்டோவுக்கு 83 வயது. அவர் இறந்தது 2013 நவம்பரில், 98 வயதில். அதாவது பதினைந்து வருஷம் தன் பெயரில் மற்றவர்கள் பேசுவதை அவர் உயிரோடு இருந்து அறிந்திருக்கிறார். சிகாகோவில் ஜீனா சதர்லண்ட் பெயரில் தொடங்கிய சொற்பொழிவும் இப்படித்தான். அவர் சிறுவர் புத்தக விமர்சனத்துக்கென்றே வெளிவந்த ஒரு இதழைச் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து 1958 முதல் 1985 வரை ஆசிரியராக இருந்து நடத்தியவர். 1983ல் முதல் உரையை மாரிஸ் செண்டாக் நிகழ்த்தினார், சதர்லண்ட் இறந்தது 2002ல். 2012ல் அதே மேடையில் நீல் கெய்மன், குழந்தைப் புத்தகம் என்பது உண்மையில் என்ன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு பேசினார். நம் ஊரில் பெரும்பாலும் ‘நினைவுச் சொற்பொழிவு’ என்றே தொடங்குகிறோம். ஆள் போனபிறகுதான் நமக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு இப்போதே தோன்றியிருக்கிறதே, அது பெரிய விஷயம். தள்ளிப்போடாதீர்கள்.

பெயர் வைப்பதில் மட்டும் நிதானம் வேண்டும். அமெரிக்காவில் மே ஹில் ஆர்பத்நாட் என்ற கல்வியாளர் பெயரில் 1970லிருந்து வருஷந்தோறும் ஒரு பெரிய சொற்பொழிவு நடந்துவந்தது. அவருடைய எழுத்தில் இனம் சார்ந்த பழைய தப்பெண்ணங்கள் இருப்பதாக எதிர்ப்பு வந்து, 2020ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டுக் குழந்தை இலக்கியச் சொற்பொழிவு என்று பொதுவாக மாற்றினார்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் வேலையையும் படிக்கக் கிடைக்கும்படி வைத்திருந்தால், வருகிறவர்கள் அதைப் பார்த்து மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் ஐயாவிடமே கேளுங்கள். அவருக்குக் கூச்சமாக இருக்கும், வேண்டாம் என்பார். உங்களைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை ஐயா, உங்கள் பெயரில் ஒருவரைக் கூப்பிட்டுக் கதை எழுதுவதைப் பற்றிப் பேச வைக்கப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், அநேகமாகச் சம்மதிப்பார். பேச வருகிறவர் குழந்தைகளுக்காக எழுதுகிறவராகவோ வரைகிறவராகவோ இருக்க வேண்டும், பதவியில் இருப்பவராக வேண்டாம். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். ஐயாவைப் பற்றி ஐந்து நிமிஷம், உரை ஒரு மணி நேரம், பிள்ளைகள் கேள்வி கேட்க அரை மணி நேரம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள். பணம் நிறைய வேண்டாம். பேசுகிறவரின் பயணச் செலவும் தங்கும் செலவும் வட்டியிலிருந்து வரும்படி ஒரு தொகையை வங்கியில் போட்டுவிட்டால், வருஷா வருஷம் ரசீதுப் புத்தகத்தோடு அலைய வேண்டியதில்லை. உரையை எழுதி வாங்கி ஒரே ஒரு ஃபாரத்தில், 16 பக்கச் சிறு நூலாகப் போடுங்கள். சதர்லண்ட் சொற்பொழிவுகளின் முதல் பத்து வருஷ உரைகள் 1993ல் ஒரே புத்தகமாக வந்ததால்தான், அந்த அரங்கில் இல்லாதவர்களும் இன்றைக்கு அவற்றைப் படிக்க முடிகிறது.

கடைசியாக ஒன்று, ஆனால் வேலையை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நார்ட்ஸ்ட்ரம் தன் எழுத்தாளர்களுக்கு எழுதிய கடிதங்கள் 1998ல் புத்தகமாக வந்தன. அவர் என்ன கேட்டார், எதை விட்டுவிடச் சொன்னார், எழுதாமல் இருந்தவர்களை எப்படி எழுத வைத்தார் என்பதெல்லாம் அதிலிருந்துதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கெர்லன் சேகரிப்பு என்று ஒன்று இருக்கிறது. குழந்தைப் புத்தகங்களின் கையெழுத்துப் பிரதிகளையும் மூல ஓவியங்களையும் அங்கே பெட்டி பெட்டியாகப் பாதுகாக்கிறார்கள். உங்கள் ஐயா கைப்பட எழுதிய குறிப்புகள் அவர் வீட்டில் இருக்காது. அவர் திருத்திக் கொடுத்தவர்களின் வீடுகளில், பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ கிடக்கும். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய், யார் யார் கதைகளைப் பார்த்தீர்கள் ஐயா என்று கேட்டுப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தேடிப் போய் அந்தத் தாள்களை வாங்கி, நகலெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். முதல் சொற்பொழிவு நடக்கும் நாளில் அரங்க வாசலில் ஒரு நீள மேஜை போட்டு, அவர் ஓரத்தில் கேள்வி எழுதிய பக்கத்தையும் அதற்குப் பக்கத்திலேயே அச்சான பக்கத்தையும் விரித்து வையுங்கள்.